மூணு ரிங்குக்குள்ள

பாத்து தம்பி, பாத்து. பைய மிதிச்சிராதீக. உள்ள டெலிபோன் இருக்கு. இருங்க, நான் எடுத்து மடியில வச்சிக்கிடுதேன். இப்ப உக்காருங்க. ஜன்னல் ஓரம் வேணும்னா நகந்துக்கிடுதேன். எனக்கு எங்ஙன உக்காந்தாலும் ஒண்ணுதான், வண்டி திருப்பூர் போய்ச் சேந்தாச் சரி.

நீங்களும் திருப்பூரா? நல்லதாப் போச்சு. நீங்க ஆரப்பாளையத்துல ஏறுதீக, நான் கோவில்பட்டியில ஏழே முக்காலுக்கு ஏறுனவன். கண்டக்டர் ரெண்டரைக்குக் கொண்டுபோயி விட்டுருவேங்கான். ரெண்டரை வேண்டாம், நாலு ஆகட்டும், நாலே முக்கால்கூட ஆகட்டும். அஞ்சு மணிக்குள்ள எங்க கம்பெனி டிப்போவுக்குள்ள காலை வச்சிரணும். எம் பொண்ணு அங்கதான் வேலை பாக்கா. ராஜினாமா குடுத்துருக்கா, இன்னைக்குக் கடைசி நாள். அஞ்சு மணிக்குக் கையெழுத்தப் போட்டுட்டு வெளிய போயிட்டாள்னா, அதுக்குப் பெறவு எங்க போவா, யார் கூட இருப்பா, எனக்குத் தெரியாது. அவ அம்மாளுக்குத் தெரியும்னு நெனைக்கேன். கேட்டா அடுப்பைப் பாத்துத் திரும்பிக்கிடுதா.

டெலிபோன் எதுக்குன்னுதான பாக்கீக? எல்லாத்துக்கும் காரணமே இந்தச் சனியன்தான் தம்பி. இதைக் கொண்டுபோயி அவ மேசையிலயே மாட்டி, அவ கண்ணு முன்னாலயே காட்டணும். பாரும்மா, அப்பா கூப்பிடாம இருக்கல, நீயும் எடுக்காம இருக்கல, நடுவுல இதுதான் கோளாறுன்னு காட்டிட்டேன்னா அவளுக்குப் புரிஞ்சிரும். படிச்ச பிள்ளை. எம்.காம்.

மில்லு பேரு வேண்டாம். முப்பத்தொரு வருஷம் உப்பைத் தின்னுட்டு ஓடுத பஸ்ஸுல வச்சுப் பேரச் சொல்லக் கூடாது. நூல் மில்லுன்னு வச்சிக்கிடுங்க. கோவில்பட்டிப் பக்கம் மூணு யூனிட்டு, திருப்பூர்ல ஒரு நூல் டிப்போ, வடக்க மகாராஷ்டிராவுல இச்சல்கரஞ்சியில ஒரு டிப்போ. நான் டைம் ஆபீஸ் கிளார்க்கா உள்ள போனவன். இன்னைக்கு அட்மின் மேனேஜர். கோமதிநாயகம்னு கேட்டா கேட்டுல நிக்க நாய்கூட எந்திரிச்சு நிக்கும். லீவு, கேட் பாஸ், கேண்டீன், டிரான்ஸ்பர், டெலிபோன், எல்லாம் என் கையிலதான்.

பழைய டெலிபோன் எப்படி இருந்துச்சு தெரியுமா? மொதலாளி கூப்பிட்டாலும் அதே மணி, நான் கூப்பிட்டாலும் அதே மணி. எவன் கூப்பிடுதான்னு எடுத்தாத்தான் தெரியும். மூணு ரிங்குக்குள்ள எடுக்கணும்னு நான் ஒரு சர்க்குலர் போட்டுருந்தேன். எடுக்காட்டி மெமோ. ஸ்பின்னிங் மாஸ்டர் சோத்துல கை வச்சிருந்தாலும் எடது கையால எடுத்து 'சார்'ம்பாரு. நான்தான்னு தெரிஞ்ச பெறவு குரல் கொஞ்சம் எறங்கும். அது மரியாதை. ஒரு நாள், ஒரு பொழுது, யாராவது என் போனை எடுக்காம இருந்தாங்கன்னு உண்டா? கெடையாது. முப்பது வருஷம் தம்பி.

போன கார்த்திகையில மொதலாளி கூப்பிட்டாரு. 'நாயகம், இனிமே போனெல்லாம் கம்ப்யூட்டர் வயர்லயே போகப் போகுது, இன்டர்நெட் வழியா. எல்லா யூனிட்டும் டிப்போவும் ஒரே எக்ஸ்சேஞ்சு மாதிரி ஆயிரும். நீரே நின்னு பாத்துக்கிடும்'னாரு. சரின்னேன். மொதலாளி சொன்னா மறுத்தா பேச முடியும்?

மதுரையில இருந்து ஒரு இஞ்சினியரம்மா வந்தாக. பெனிட்டான்னு பேரு, நாப்பது வயசு இருக்கும், பொறுமைசாலி. ஏற்கெனவே கம்ப்யூட்டருக்கு இழுத்துப் போட்ட வயர்லயே பேச்சும் போகும் சார்னாக. 'ஏம்மா, ஒரே குழாயில குடிதண்ணியும் சாயத்தண்ணியும் விட்டா வெளங்குமா?'ன்னு கேட்டேன். சிரிச்சாக. நாம பேசுத பேச்சைத் துண்டு துண்டா நறுக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் விலாசம் எழுதி அனுப்புமாம். அந்தப் பக்கத்துல அதை வரிசையா அடுக்கிக் குரலாக்கித் தருமாம். வழியில ஒரு துண்டு தொலைஞ்சு போனா என்ன செய்யும்னு கேட்டேன். 'தேடிக்கிட்டு நிக்காது சார், விட்டுட்டு அடுத்ததுக்குப் போயிரும். கடிதம்னா காத்திருக்கலாம், பேச்சு காத்திருக்காதுல்ல'ன்னாக. இப்பவும் நெனச்சுப் பாப்பேன் அந்த வார்த்தைய. பேச்சு போற நேரத்துல மத்த கணக்கு வழக்கெல்லாம் ஒதுங்கி வழி விடுத மாதிரி ஒரு செட்டிங்கும் போட்டுக் குடுத்தாக.

எல்லாம் மாட்டி முடிச்ச பெறவு ஒரு கேள்வி கேட்டாக. இந்தா, இந்த போன்ல மேல சின்னதா ஒரு கண்ணாடி இருக்கு பாத்தீகளா? கூப்பிடும்போது எதிர்ப்பக்கத்துக் கண்ணாடியில என்ன விழணும் சார், ஆள் பேரா, நம்பரா, இல்ல சும்மா 'ஹெட் ஆபீஸ்'னு மட்டும் போட்டுரவான்னாக. 'நெறையக் கம்பெனியில ஹெட் ஆபீஸ்னுதான் சார் போடுவாங்க, அதுதான் வசதி'ன்னும் சொன்னாக. நான் விடல. அது எப்படி? மொதலாளியும் ஹெட் ஆபீஸு, கூட்டுத தங்கமாரியும் ஹெட் ஆபீஸா? ரெண்டு நாள் உக்காந்து நானே லிஸ்டு போட்டேன். சீனியாரிட்டிப் படி. பேரு, பதவி. 'கே. கோமதிநாயகம், அட்மின் மேனேஜர்', முழுசும் பெரிய எழுத்துல. நான் கூப்பிட்டா நான்தான் கூப்பிடுதேன்னு தெரியணும்லா?

சரி, முதல் கால் யாருக்குப் போட்டேன்ங்கீக? மொதலாளிக்குப் போடல. மகளுக்குத்தான் போட்டேன். காந்திமதி. எங்க அம்மா பேரு. மதின்னு கூப்பிடுவோம். படிச்சு முடிச்சதும் பேங்க் பரீட்சைக்குப் படிக்க சென்னைக்குப் போறேன்னா. சென்னையில நமக்கு யாரு இருக்கா? நான்தான் நம்ம டிப்போவுலயே அக்கவுண்ட்ஸ்ல போட்டு விட்டேன். ஹாஸ்டலும் நான் பாத்துக் குடுத்ததுதான், டிப்போவுல இருந்து பொடி நடை. அவளுக்குப் போட்டேனா, நான் இன்னும் வாயே தெறக்கல, அதுக்குள்ள 'சொல்லுங்கப்பா'ங்கா. எனக்கு மேலெல்லாம் சிலுத்துட்டு தம்பி. அவ கண்ணாடியில என் பேரு விழுந்துருக்கு! குரல் பக்கத்துல நிக்க மாதிரி. மூச்சு விடுததுகூடக் கேக்கு.

அதுலருந்து திருப்பூரு எனக்கு அடுத்த ரூம் மாதிரி ஆயிட்டு. முன்ன எஸ்டிடிக்குப் பயந்து நாளைக்கு ஒரு தடவ பேசுவோம். இப்ப காலையில ஒம்பது ரெண்டுக்கு ஒரு கால், சீட்டுக்கு வந்துட்டாளான்னு. பத்தரைக்கு ஒண்ணு, டீ குடிச்சாளான்னு. ஒண்ணே காலுக்குச் சாப்பாடு. மூணு மணிக்குச் சும்மா. அஞ்சேகாலுக்குக் கெளம்பிட்டாளான்னு. கெளம்புனா எடுக்க மாட்டாள்ல, அப்ப கெளம்பிட்டான்னு தெரிஞ்சிக்கிடுவேன். ஒரு நாளைக்கு ஒம்பது, பத்து தடவ பேசுவோம். பேசுவோம்னா, நான் பேசுவேன், அவ 'ம்' கொட்டுவா. சின்னப் பிள்ளையிலருந்தே அவ அமைதி.

திண்டுக்கல் வந்துட்டு போல. வெள்ளரிப் பிஞ்சு வாங்குவோமா? வேண்டாமா? சரி.

எங்க விட்டேன்? ஆங். இந்த போன்ல இன்னொரு வசதி உண்டு. மாசக் கடைசியில ஒரு ரிப்போர்ட்டு எடுக்கலாம். எந்த நம்பர்லருந்து எந்த நம்பருக்கு எத்தனை தடவ, எத்தனை நிமிஷம், எல்லாம் வந்துரும். வயர்ல லோடு எங்க கூடுதுன்னு பாக்கணும்னுதான் எடுத்தேன், வேற எண்ணம் கெடையாது. கெணறு வெட்டப் பூதம் கெளம்புன கதையாப் போச்சு. திருப்பூர் டிப்போவுல நானூத்திப் பன்னெண்டுக்கும் நானூத்திப் பதினஞ்சுக்கும் மார்கழி ஒரு மாசத்துல எரநூத்தி எழுவது கால். பன்னெண்டு எம் பொண்ணு. பதினஞ்சு டெஸ்பாட்ச்சுல ஒரு பையன், மாரிச்செல்வம்னு பேரு. ரெண்டு பேரு மேசைக்கும் நடுவுல பத்தடிதான் தம்பி. பத்தடி தூரத்துல உக்காந்திருக்கவங்க எதுக்குப் போன்ல பேசணும்? எழுந்து போயிக் கேக்கக் கூடாதா? வயர்ல எவ்வளவு லோடு?

கூப்பிட்டேன். பதினஞ்சுக்குப் போட்டேன். ரெண்டாவது ரிங்குல எடுத்துட்டான். 'வணக்கம் சார்'னான். மரியாதையான பையன்தான், குத்தம் சொல்ல முடியாது. வேலையெல்லாம் எப்படிப் போகுதுன்னு கேட்டேன். நல்லாப் போகுதுன்னான். சொந்த ஊரு எதுன்னு கேட்டேன். எட்டயபுரத்துக்கிட்ட ஒரு ஊரச் சொன்னான். ஊருக்குள்ள எந்தத் தெருன்னு கேட்டேன். அவன் கொஞ்ச நேரம் பேசல. அந்தப் பேசாம இருந்ததும் அவ்வளவு கிளியராக் கேட்டுது தம்பி, அந்த மாதிரி லைன் அது. பெறவு சொன்னான். நான் அதுக்கு மேல ஒண்ணுமே கேக்கல. சரிப்பான்னு வச்சிட்டேன்.

நான் அதெல்லாம் பாக்குதவன் இல்ல தம்பி. என் கூட எல்லாரும்தான் டீ குடிக்காங்க. பையனோட முன்னேத்தத்துக்குத்தான் செஞ்சேன். இச்சல்கரஞ்சி டிப்போவுல ஆள் கொறச்சல்னு சொல்லிக்கிட்டே இருந்தாக. பொங்கலுக்கு முந்தி அவனை அங்க மாத்தி ஆர்டர் போட்டேன். ஒரு இன்கிரிமென்ட்டும் சேத்துத்தான் போட்டேன். ஆர்டரை டைப் அடிச்சு மகளுக்குத்தான் அனுப்புனேன், அக்கவுண்ட்ஸ்ல அவதான சம்பளத்தை மாத்தணும். எல்லாத்தையும் முறையாச் செய்யணும்லா.

சரியா அந்த வாரத்துலருந்துதான் தம்பி, இந்த போன் கோளாறு ஆரம்பிச்சுது.

ஆமா. நான் கூப்பிட்டா ரிங் போகும். போய்க்கிட்டே இருக்கும். எடுக்க மாட்டா. ஒம்பது ரெண்டுக்கு எடுக்க மாட்டா, பத்தரைக்கு எடுக்க மாட்டா. ஒண்ணேகாலுக்குச் சாப்பிடப் போயிருப்பாள்னு நெனச்சேன், ரெண்டு மணிக்குப் போட்டேன், எடுக்கல. செல்லுல போட்டாலும் அதே கதை. அது டவர். ஆனா பாருங்க, அவ அம்மா வீட்டுலருந்து செல்லுல கூப்பிட்டா மட்டும் உடனே கெடைக்கும். அடுப்படிக் கதவைச் சாத்திக்கிட்டு அரை மணி, முக்கால் மணி பேசுவாக. எங்க வீட்டுல அடுப்படியில மட்டும்தான் டவர் கெடைக்கும்போல. நானும் ஒரு நாள் அடுப்படியில நின்னு போட்டுப் பாத்தேன். போகல.

பொங்கலுக்கு வரல. லீவு கெடைக்கலைன்னு அவ அம்மாகிட்ட சொல்லிருக்கா. லீவு குடுக்கவன் யாரு? நானு! அப்ளிகேஷனே எனக்கு வரலையே! அதுவும் இதே நெட்வொர்க்குக்குள்ள எங்கயோ மாட்டிக்கிட்டு கெடக்கு, வேற என்ன? மொத்தமாவே ஏதோ பழுது. பாயாசத்தைக் கிண்டுன கரண்டியோட அவ அம்மா அன்னைக்கு என்னை ஒரு பார்வை பாத்தா. நான் என்ன செய்வேன், எனக்கா வயர் ஓட்டத் தெரியும்?

மகளுக்கு மட்டும்னு இல்ல தம்பி. அதான் கோளாறுன்னு அடிச்சுச் சொல்லுதேன். ஸ்பின்னிங் மாஸ்டர் எடுக்கல. ஸ்டோர்ஸ்ல எடுக்கல. திருப்பூர் டிப்போ மேனேஜர் எடுக்கல. எலெக்ட்ரிக்கல்ல நாலு பேரு இருக்கான், ஒருத்தன் எடுக்கல. நேர்ல போயி ஸ்பின்னிங் மாஸ்டர்கிட்ட கேட்டேன், ஏம்வே எடுக்க மாட்டேங்கீருன்னு. மெசின் சத்தத்துல மணி கேக்கல சார்ங்காரு. முப்பது வருஷமா கேட்ட மணி இப்பக் கேக்கலையாம். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். தான் செய்யுத தப்புக்கு அடுத்த பொருளைக் குத்தம் சொல்லுதவங்களை எனக்கு ஆகவே ஆகாது.

கேண்டீன் போன்லருந்து அவருக்கே போட்டேன். டக்குனு எடுத்துட்டாரு! 'என்னடா, வடை ரெடியா?'ங்காரு. அப்ப என்ன அர்த்தம்? கேண்டீன் போன் நல்லாருக்கு, என் போன்தான் கோளாறு. அதே மாதிரி மகளுக்கும் கேண்டீன்லருந்து போட்டுப் பாக்க வேண்டியதுதானன்னு கேப்பீக. மாட்டேன் தம்பி. பெத்த பிள்ளைக்கு அப்பன் கேண்டீன் போன்லருந்து ஒளிஞ்சா கூப்பிடணும்?

பெனிட்டா மேடத்தை வரச் சொன்னேன். போன மாத்துனாக. வயர மாத்துனாக. ரெண்டாந் தடவ வந்து, சொவத்துல இருக்க அந்தப் பெட்டியில வேற ஓட்டையில சொருகுனாக. மூணாந் தடவ வந்தப்ப பக்கத்துல உக்காந்து கம்ப்யூட்டர்ல எல்லாத்தையும் எடுத்துக் காட்டுனாக. 'பாருங்க சார், நீங்க கூப்பிட்டது அங்க போயிருக்கு. இருபத்தெட்டு செகண்டு மணி அடிச்சிருக்கு. ஒரு துண்டுகூடத் தொலையல. யாரும் எடுக்கல.' ஏன் எடுக்கல? அதைச் சொல்லுங்கம்மான்னேன். 'அது சிஸ்டத்துல பதிவாகாது சார்'னாக.

எவ்வளவு பெரிய சிஸ்டம்! அதுல இது பதிவாகாதாம்.

அப்புறம் மெதுவா, 'சார், ஒரு டெஸ்டு பண்ணிப் பாக்கவா'ன்னு கேட்டு, என் பேரை எடுத்துட்டு 'ஸ்டோர்ஸ் டூ'ன்னு மாத்துனாக. இதே போன், இதே வயர். ஸ்பின்னிங் மாஸ்டர் ரெண்டாவது ரிங்குல எடுத்தாரு. எலெக்ட்ரிக்கல் எடுத்தான். டிப்போ மேனேஜர் எடுத்தாரு. 'பாத்தீகளா, சரியாயிட்டு!'ன்னேன். 'நான் பேரை மட்டும்தான் சார் மாத்துனேன்'னாக. அப்ப என் பேருலதான் கோளாறு. எழுத்து கூடிப் போச்சா, அந்தச் சின்னக் கண்ணாடி தாங்கலையா, இனிஷியலுக்குப் பின்னால வச்ச புள்ளியை எடுத்துப் பாப்பமான்னு கேட்டேன். கம்ப்யூட்டரை மூடிட்டு, 'உங்களுக்குப் பொண்ணு இருக்காங்களா சார்?'னு கேட்டாக. ஒண்ணு இருக்கு, திருப்பூர் டிப்போவுல, அதுக்குந்தான் போக மாட்டேங்குதுன்னேன். அவுக கழத்துன பழைய வயரைச் சுருட்டிப் பைக்குள்ள வச்சாக. 'எனக்கும் அப்பா இருந்தாரு சார்'னாக. சரிம்மா, எல்லாருக்குந்தான் இருப்பாக. 'நேர்ல ஒரு தடவ போயிட்டு வாங்களேன் சார், போன் இல்லாம'ன்னாக.

போன் இல்லாமப் போயி நான் என்னத்தக் காட்ட?

'ஸ்டோர்ஸ் டூ'ன்னே விட்டுரவா சார்னு கேட்டாக. வேண்டாம்மா, என் பேரையே போட்டுருங்கன்னுட்டேன். முப்பத்தொரு வருஷம் வேலை பாத்து, கடைசியில பேரில்லாமப் பேசுததுக்கு நான் என்ன திருடனா? போட்டுட்டுப் போயிட்டாக. மறுநாள்லருந்து பழைய கதைதான்.

பெறவு மாசி மாசக் கடைசியில அவ ராஜினாமா வந்துது. எதுல வந்துதுங்கீக? இதே வயர்ல, கம்ப்யூட்டர்ல. பேச்சு வர மாட்டேங்குத வயர்ல இது மட்டும் ஒரு செகண்டுல வந்துட்டு. அட்மின் மேனேஜருக்குத்தான வரணும், எனக்குத்தான் வந்துது. 'டியர் சார்'னு ஆரம்பிச்சிருந்தா. அது கம்பெனி முறை, நான்தான் எல்லாருக்கும் அந்த மாதிரியச் சொல்லிக் குடுத்தேன். சொந்தக் காரணம்னு போட்டுருந்தா. கீழ, 'இப்படிக்குத் தங்கள் உண்மையுள்ள'ன்னு. நான் அதை எத்தனை தடவ வாசிச்சேன்னு எனக்கே தெரியாது. அப்பான்னு ஒரு எடத்துலயும் இல்ல. ஏற்க இயலாதுன்னு பதில் போட்டேன். மொதலாளிக்கும் ஒரு காப்பி அனுப்பியிருக்கா, அவரு ஏத்துக்கிட்டாரு. 'பிள்ளை வளந்துட்டுல்லா நாயகம், விடும்'னாரு. மொதலாளி சொன்னா மறுத்தா பேச முடியும்?

அப்பன்கிட்ட ஒரு வார்த்தை பேச முடியாத கம்பெனியில எதுக்கு இருக்கணும்னு நெனச்சிருப்பா. அதான் காரணம், வேற என்ன இருக்க முடியும்? தெனமும் என் போனுக்காகக் காத்துக் கெடந்துருப்பா. அதான் இதைக் கழத்தி எடுத்துக்கிட்டு வந்துட்டேன். கேட் பாஸ் நானே எழுதி, நானே கையெழுத்துப் போட்டுக்கிட்டேன்.

என்னது சத்தம்? டயரா?

போச்சு. எல்லாரையும் எறங்கச் சொல்லுதான். எறங்குங்க தம்பி, பையக் கொஞ்சம் பிடிச்சிக்கிடுங்க. தாராபுரத்துக்கு இன்னும் எவ்வளவு தூரம்? ஏம்ப்பா கண்டக்டரு, ஸ்டெப்னி இருக்கா? இருக்கா, ஆனா ஜாக்கி வரணுமாம். மணி எத்தனை? மூணே கால். ரோடு வேலை நடக்க எடத்துல நின்னு நின்னு வந்ததுலயே ரெண்டு மணி நேரம் போச்சு. மாத்த முக்கால் மணி நேரம்னா நாலு. அங்கருந்து ஒண்ணேகால் மணி நேரம். அஞ்சேகால்.

அஞ்சேகால் தம்பி.

நீங்க கணக்குப் போட்டுப் பாருங்க, எனக்குத் தப்பா வருதா? அஞ்சேகால்தான? அஞ்சு மணிக்கு டிப்போவப் பூட்டிருவாக. நான் போட்ட சர்க்குலர்தான் அது, அஞ்சுக்கு மேல ஒரு ஆள் உள்ள இருக்கக் கூடாதுன்னு. டிப்போ மேனேஜருக்குப் போடுதேன், இருங்க. மதியை ஒரு பத்து நிமிஷம் நிப்பாட்டி வையும்னு சொல்லுவோம்.

எடுக்கல.

அவளுக்குப் போடுதேன். ரிங் போகுது. போகுது. ... இங்கயும் டவர் இல்ல போல.

தம்பி, ஒண்ணு கேட்டாத் தப்பா நெனைக்க மாட்டீகளே. உங்க போனைக் கொஞ்சம் தருவீகளா? உங்க கம்பெனிக்கு இங்க டவர் இருக்கும்னு நெனைக்கேன். ஒரே ஒரு நிமிஷம். நம்பர் சொல்லுதேன், நீங்களே போட்டுக் குடுங்க. ஒம்பது, நாலு, நாலு... ஆமா, கடைசியில ரெண்டு ஏழு. குடுங்க.

ரிங் போகுது.

எடுத்துட்டா.

...

இந்தாங்க தம்பி, உங்க போன். வச்சிட்டா.

ரெண்டாவது ரிங்குலயே எடுத்துட்டா. மூணு தடவ ஹலோன்னா. 'ஹலோ, யாருங்க?'ன்னு கேட்டா. எவ்வளவு சந்தோசமான குரலுங்கீக! இந்தக் குரல் அவளுக்கு இருக்குன்னே எனக்குத் தெரியாது தம்பி. எங்கிட்ட 'ம்' கொட்டுத குரல் வேற, இது வேற. பின்னால ரயிலு வருது, போகுதுன்னு மைக்குல சொல்லுதாக, தமிழ்ல, இந்தியில. ஸ்டேஷன்ல நிக்கா. அஞ்சு மணி வரைக்கும் அவ இருக்கல. மத்தியானமே கெளம்பிட்டா.

பக்கத்துல ஒரு ஆம்பளைக் குரல், 'யாரு மதி?'ன்னுது. அந்தக் குரல் எனக்குத் தெரியும். ஒரு தடவதான் பேசியிருக்கேன், ஆனா தெரியும். அவ சொல்லுதா, 'தெரியலப்பா, சத்தமே வரல, லைன் சரியில்ல போல'ன்னு. சொல்லிட்டு வச்சிட்டா.

லைன் நல்லாத்தான் தம்பி இருந்துச்சு. நான்தான் பேசல.

வாயத் தெறந்தேன். அப்பான்னு சொன்னா வச்சிருவாளோன்னு பயமா இருந்துச்சு. சொல்லாம நின்னேன், அதுக்கும் வச்சிட்டா. முப்பத்தொரு வருஷம் போன்ல பேசுனவன். ஒரு வார்த்தை வரல.

ஜாக்கி வந்துட்டு பாருங்க. மாத்தட்டும், மெதுவா மாத்தட்டும். இனி என்ன அவசரம். டிக்கெட்டு திருப்பூருக்கு எடுத்தாச்சு, போயித்தான் எறங்கணும். இந்தப் பையைத் தூக்கிக்கிட்டு எங்க போறதுன்னு அங்க போயி யோசிச்சுக்கிடுதேன்.

தம்பி, ஒண்ணே ஒண்ணு. அவ போன்ல இப்ப உங்க நம்பர் கெடக்கும். யாரோ என்னமோ, அவசரமாக் கூப்பிட்டாகளோன்னு அவ திருப்பிக் கூப்பிடுவா. கூப்பிடுவா, அவ நல்ல பிள்ளை. கூப்பிட்டா எடுங்க. மூணு ரிங்குக்குள்ள எடுத்துருங்க, என்ன? எடுத்து நாலு வார்த்தை பேசிக்கிட்டு இருங்க, நான் பக்கத்துல நின்னு கேட்டுக்கிடுதேன்.

நான் நிக்கேன்னு மட்டும் சொல்லிராதீக.